விதி என்னும் சொல்

சாலையில் இளைஞன் ஒருவன் மடிந்த வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கச் செல்வோர் முதலில் சொல்லுவது 'விதி' என்னும் சொல்லையே. நானும் பன்முறை சொல்லியிருக்கிறேன். பெற்ற நெஞ்சிற்கு அஃது ஒரு மருந்து; மறுப்பதற்கில்லை. மருந்தாகச் சொன்ன சொல்லையே காரணமாகவும் கொள்ளலாமா என்பதே என் வினா.

மலேசியச் சாலைகளில் 2019ஆம் ஆண்டில் 6,167 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உலகெங்கும் 5 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்பிற்கு முதற்காரணம் சாலை விபத்தே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரு சக்கரத்தில் செல்லும் இளையோரையே விதி தேடித் தேடிப் பிடிக்குமானால், அதற்கு வேறு பெயர் இருத்தல் வேண்டும் அன்றோ?

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நம் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளுக்கு வந்தனர். இரவு வேலை, உறக்கம் கண்ணைச் சுழற்றும் விடியற்பயணம், நேரத்திற்கு வாராத பேருந்து, தவணைக்குக் கிடைக்கும் மோட்டார் சைக்கிள். பின்னால் அமர்ந்த நண்பனுக்கு வீரங்காட்டும் இளமைச் செருக்கு வேறு. (குடியைப் பற்றி நம் மேடைகள் நிறையப் பேசிவிட்டன.) தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 1973இல் வந்தது. அதன் பிரிவுகளையும் நாம் 'விதி' என்றே அழைக்கிறோம்! முறையாக அணிந்த கவசம் இறக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கும். வார் மாட்டாத கவசமோ மோதலில் கழன்று ஓடிவிடும்.

என் பழைய மாணவன் ஒருவன், பத்தொன்பது வயது. ஒரு மாலை, சிவப்பு விளக்கில் நின்ற என் காரின் அருகே வந்து நின்று, "வணக்கம் சார்" என்றான். கவசத்தின் வார் கழுத்தருகே தொங்கியது. கண்டேன்; வாய் திறந்தேனில்லை. வகுப்பில் அவனது காலணிக் கயிறு அவிழ்ந்திருந்தாலும் அதட்டியவன் நான். வளர்ந்த பிள்ளையை நடுத்தெருவில் திருத்துவது நாகரிகமன்று என்று எண்ணிவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

ஒன்பதாம் நாள் அவன் வீட்டு வாசலில் நின்றேன். என் ஒரு சொல் அவனைக் காத்திருக்கும் என்று உறுதி கூற இயலாது. காத்திருக்காது என்று கூறவும் எனக்கு உரிமையில்லை. லாரி ஓட்டியவனுக்குக் கேள்வி கேட்க நீதிமன்றம் உண்டு. பார்த்தும் வாளாவிருந்தவனை யார் கேட்பது?

"சொல்லுங்க சார், இது விதிதானே?" என்றார் அவன் தாயார். "ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

இன்று விளக்கில் நிற்குந்தோறும் பக்கத்து வண்டிக்காரனின் கழுத்தையே பார்க்கிறேன். வார் தொங்கினால் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிடுகிறேன். சிலர் சிரிக்கின்றனர், ஒருவன் ஏசினான், சிலர் மாட்டிக்கொள்கின்றனர்.