உன் பாடம் கேட்கிறதா?

நீ தயாரிக்கும் ஆன்லைன் பாடத்தில் வரும் படத்துக்கு நாலு வார்த்தை எழுது என்றால், "நமக்கு எழுத வராதுங்க" என்று ஒதுங்குகிறாயா தம்பி? நான் நம்ப மாட்டேன்! லைனில் தையல் கோணிப்போனால் மெஷின் இரைச்சலுக்கு நடுவே போனில் என்ன சொல்கிறாய்? "டோ பக்கம் மடிப்பு விழுது சார், லைனிங் ஒரு நூல் வெளியே நிக்குது." எதிர்முனையில் இருப்பவர் அந்த ஷூவைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் கோளாறு அவருக்குப் பிடிபட்டுவிடுகிறது. ஆன்லைன் பாடத்தில் அதற்குப் பெயர் மாற்று உரை. ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் நீ தினமும் வாயால் செய்கிற வேலைதான் அது!

பார்வையற்ற மாணவர் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் வழியாகப் பாடம் கேட்கிறார். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், தமிழும் வாசிக்கும். ஆனால் விளக்கமில்லாத படம் வந்தால் அது என்ன செய்யும்? பேசாமல் தாண்டிப்போகும், இல்லையென்றால் ஃபைல் பெயரை ஒப்பிக்கும். நீ பாடுபட்டு எடுத்த படம் அவர் காதில் வெறும் எழுத்தும் எண்ணுமாக விழுகிறது. கொதிக்க வேண்டாமா மனசு?

தோலின் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங் பாடத்தை எடுத்துக்கொள். "தோல் படம்" என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? இப்படி எழுது: "அப்பர் துண்டின் ஓரம், உள்பக்கமாகச் சரிவாகச் சீவப்பட்டிருக்கிறது, மடித்த இடம் மேடு தட்டவில்லை." எழுதி முடித்துப் பார், உனக்கே அந்த வேலை இன்னும் தெளிவாகும். தோலைக் கண்ணால் மட்டுமா பார்க்கிறோம்? தடவி, மடித்து, விரலிடுக்கில் கனம் பார்த்துத்தானே எடுக்கிறோம்! இந்தத் தொழிலை விரலால் கற்க வருகிறவருக்கு உன் சொல்தான் வாசல்.

"இது ஒரு படம்" என்று தொடங்காதே. படம் என்பதை வாசிப்பானே சொல்லிவிடும். அழகுக்கு வைத்த பூப்படத்துக்கு விளக்கம் வேண்டாம், காலியாக விடு. பெரிய அட்டவணை என்றால் அதன் விவரத்தைப் பாடத்திலேயே எழுதிவிடு.

வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துப்பார். 1954 விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்ற ஒரே வழி தெரிந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். 1966-இல் அங்கே ஒரு மறுவாழ்வு நிலையமே எழக் காரணமானார்! திறமை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. தேவைப்பட்டது ஒரு வழி. அந்த வழியைத் திறக்கும் இடத்தில் இன்று நீ நிற்கிறாய். இதைத் தயவு என்று நினைத்துவிடாதே: டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துவிட்டது.

இங்கிலீஷ் வேண்டாம், இலக்கணம் வேண்டாம். ஷாப் ஃப்ளோரில் பேசும் தமிழ் போதும்! இன்று ஷிஃப்ட் முடிந்ததும் உன் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை ஆன் செய். கண்ணை மூடு. உன் முதல் பாடத்தைக் கேள். எந்தப் படத்தில் உனக்கே வழி தப்புகிறதோ, அங்கிருந்து எழுதத் தொடங்கு.