கொசுறும் காசும்

காய்கறி வாங்கினால் கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலைக்கு இன்று பல கடைகளில் காசு. விலைவாசியைத் திட்டலாம், திட்டினால் தக்காளி விலை இறங்காது. சிக்கனத்துக்கு வாயைக் கட்டினால் மட்டும் போதாது, கையையும் அசைத்து வீட்டிலேயே கொஞ்சம் பயிரிட வேண்டும். முருங்கைக்கு விதைகூட வேண்டாம். ஒரு போத்தை வெட்டி நட்டால் மரமாகிவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் மாதக்கணக்கில் தழைக்கும். மட்கிய காய்த்தோல் உரச் செலவைக் குறைக்கும். செடி வளர்க்கவென்று ஆயிரக்கணக்கில் கொடுத்து அழகுத் தொட்டிகள் வாங்குகிறவர்களும் உண்டு. அது வேறு கணக்கு. பழைய வாளியின் அடியில் நாலு துளை போட்டால் ஆகாதா?

மாடித்தோட்டம் மளிகைக் கடனை அடைத்துவிடாது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடையிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் தானே தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரையைத் தட்டில் ஒதுக்கிவைக்கப் பிள்ளைக்கு மனம் வராது. அந்த மிச்சம் எந்த வரவு செலவு நோட்டிலும் ஏறுவதில்லை.

இடமில்லை என்கிறீர்களா? அஞ்சறைப்பெட்டியைத் திறவுங்கள். ஒரு பிடி வெந்தயத்தை ஜன்னலோரத் தொட்டியில் தூவுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம்.