மைனர் கையெழுத்து

பி.காம். படித்தவர்கள் டெபிட், கிரெடிட்டைக்கூட மறந்திருப்பார்கள். மோஹரி பீபி வழக்கை மட்டும் மறந்திருக்க மாட்டார்கள். கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்கிற மைனர், வீட்டை அடமானம் வைத்து இருபதாயிரம் ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1903-ல் லண்டன் ப்ரிவி கவுன்சில் தீர்ப்பு சொன்னது: மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. கடன் கொடுத்தவருக்குப் பட்டை நாமம்!

சட்டத்துக்கு இருக்கிற இந்தக் கருணை உடம்புக்கு இல்லை சார்.

1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெடித்துத் தள்ளிய அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அது பயிர் வழியாக எல்லோர் உடம்பிலும் ஏறியது. அந்தத் தடயத்தை வைத்துக் கொழுப்பு செல்களின் வயதைக் கணக்கிட்டார், ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் கிர்ஸ்டி ஸ்பால்டிங். (அணுகுண்டால் இப்படியும் ஒரு உபயோகம்!) 2008-ல் வெளியான முடிவு இது: கொழுப்பு செல்களின் எண்ணிக்கை பால்யத்திலும் பதின்வயதிலும் ஏறுகிறது. பிறகு பெரிதாக மாறுவதில்லை. வருடத்துக்குப் பத்து சதவிகிதம் சாகும். அதே அளவு புதிதாகப் பிறக்கும். பட்டினி கிடந்தாலும், வயிற்றில் ஆபரேஷனே செய்துகொண்டாலும் செல்கள் சுருங்குமே தவிர எண்ணிக்கை குறையாது. குண்டானவர்களுக்கு இந்த ஏற்றம் சுமார் 2 வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மற்றவர்களுக்கு 6 வயதை ஒட்டித்தான்.

இரண்டு வயதில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார்?

பெரியநாயக்கன்பாளையத்தில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். "ஏன் அம்முணி, பையன் இப்புடி எளச்சுக் கெடக்கறான்? சோறு போடறயா இல்லையா?" என்று ஒரு பாட்டி மருமகளை அதட்டுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பஞ்சம் பார்த்த தலைமுறை. ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் இளைத்த பிள்ளை தாங்காது என்று கண்ணால் கண்டவர்கள். கன்னத்துச் சதை அவர்களுக்கு ஃபிக்ஸட் டெபாசிட்.

ஆனால், பெற்ற அப்பாவே ஆனாலும் மைனரின் வீட்டை விற்க 1956-ம் வருடச் சட்டப்படி கோர்ட் அனுமதி வேண்டும். மைனரின் உடம்பை அடமானம் வைக்க, சாயங்காலம் ஒரு பஃப்ஸும் பாட்டில் பானமும் போதும்.

எனக்கு உறுத்துவது இதற்கு அப்புறம் நடப்பது. முப்பது வருடம் கழித்துக் கல்யாணப் பந்தியில் அவரைப் பார்த்து, "கொஞ்சம் வாயைக் கட்டக்கூடாதா?" என்கிறோம். கடன் வாங்கியது நாம். வட்டி கட்டவில்லை என்று திட்டு வாங்குவது அவர்.

அதற்காக, குண்டுப் பையனை இன்றே பட்டினி போட்டுவிடாதீர்கள்! வளர்கிற பிள்ளைக்கு ஒரு சலுகை இருக்கிறது. எடை ஏறாமல் நின்றாலே பல பிள்ளைகளுக்குப் போதும். உயரம் வந்து சரிக்கட்டிவிடும். அதற்கு வேண்டியது தண்ணீர், வீட்டுச் சாப்பாடு, ஓட ஒரு மைதானம்.

மைதானம் என்றதும் ஞாபகம் வருகிறது. அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இதே ஊரில்தான் இருக்கிறது. அங்கே மாருதி உடற்கல்விக் கல்லூரி வருடா வருடம் பி.டி. மாஸ்டர்களை உருவாக்குகிறது. அவர்கள் வேலைக்குப் போகிற பள்ளிகளில், "போர்ஷன் முடியலை" என்று பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். கைதட்டுவது நாம்தான்.

பள்ளி கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டம் விற்கக்கூடாது என்று 2020-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. நாளை பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது, கேட்டிலிருந்து பேக்கரிக்கு எத்தனை தப்படி என்று எண்ணிப் பாருங்களேன்.