வழி அடைபட்ட இடத்தில்

பவுலும் சீலாவும் தீமோத்தேயுவும் ஆசியா மாகாணத்தில் வசனத்தைச் சொல்ல நினைத்தார்கள், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள். அதற்கும் இடம் கிடைக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் இந்த இரண்டு தடைகளும் இரண்டே வசனங்களில் கடந்துவிடுகின்றன. நடந்தவர்களுக்கு அது அத்தனை சுருக்கமாக இருந்திருக்காது. இன்றைய துருக்கியின் உள்நாட்டிலிருந்து மேற்குக் கடற்கரை வரை நெடுந்தூரம். இந்தப் பக்கம் திரும்பக் கூடாது, அந்தப் பக்கமும் திரும்பக் கூடாது, காரணமும் சொல்லப்படவில்லை. நிலம் முடிந்து கடல் தொடங்குகிற துரோவா பட்டணத்துக்கு வந்த பிறகுதான், ஓர் இரவில், மக்கெதோனியன் ஒருவன் உதவிக்கு வரும்படி வேண்டி நிற்பதைப் பவுல் தரிசனமாகக் கண்டார்.

மிஷனெரி அழைப்பைப் பற்றிய பிரசங்கங்களில் இந்தத் தரிசனம் தவறாமல் வருகிறது. அதற்கு முந்திய நடையும் பிந்திய காலைப்பொழுதும் அவ்வளவாக வருவதில்லை. பவுல் கண்டதை உடன் வந்தவர்களிடம் சொல்கிறார். எல்லாருமாகச் சேர்ந்துதான் கர்த்தர் அழைக்கிறார் என்று நிச்சயித்துக்கொள்கிறார்கள். கப்பலேறி பிலிப்பிக்குப் போனால், அழைத்த அந்த மனிதனை அங்கே காணோம். ஓய்வுநாளில் ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களைக் காண்கிறார்கள். அவர்களில் இருதயம் திறக்கப்பட்ட லீதியாள் இரத்தாம்பரம் விற்கிறவள், தியத்தீரா ஊராள். தியத்தீரா இருப்பதோ, எந்த ஆசியாவுக்குள் போகாதபடி பவுல் தடுக்கப்பட்டாரோ அதே ஆசியாவில்!

இதை வாசிக்கும்போதெல்லாம் மனம் அமைதியடைகிறது. தடுத்தவர் மறுத்துவிடவில்லை என்பது துரோவாவில் நிற்கும்போது தெரியாது. ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

மே மாதத்துக் கன்வென்ஷன் கூட்டங்களின் கடைசி இரவை நம்மில் பலர் அறிவோம். பாட்டு தாழ்ந்து தாழ்ந்து கீபோர்டு மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று பிரசங்கியார் சொல்வார். பந்தலின் பின்வரிசையில் ஒரு பெண் எழுகிறாள். பக்கத்தில் அவள் அம்மா, குனிந்த தலை நிமிராமலே மகளின் கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்தக் கை இழுத்து உட்காரவைக்கிறதா, தாங்கிப் பிடிக்கிறதா என்று அந்த நேரத்தில் இருவருக்குமே தெரியாது.

அப்படி எழுந்து நிற்பதை நான் ஒருநாளும் லேசாக எண்ணியதில்லை. ஆனால் அந்த இரவிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டதாக அவளிடம் சொல்வது அவளுக்குச் செய்யும் நன்மை ஆகாது. பரீட்சையில் தவறிய துக்கமும், திருமணம் தள்ளிப்போகும் வருத்தமும், ஏதோ ஒரு பாவத்துக்கு ஈடுகட்ட வேண்டுமென்ற தவிப்பும் அந்தப் பந்தலுக்குள் ஆத்தும பாரத்தைப் போலவே கண்ணீர் வரவழைக்கும். எது எதுவென்று அன்றிரவே பிரித்துப் பார்க்க முடியாது.

பொருத்தனையின் பாரம் வேறு. பிறக்கும் முன்பே உன்னை ஊழியத்துக்கு என்று நேர்ந்துவிட்டோம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் சபைகளில் உண்டு. அன்னாளும் சாமுவேலை அப்படித்தான் ஒப்புக்கொடுத்தாள். ஆனால் தாயின் பொருத்தனை அவனைச் சீலோவின் ஆலயம் வரைதான் கொண்டுவந்து விட்டது. அதன் பிறகு ஓர் இரவில் கர்த்தர் அவனைப் பேர் சொல்லித் தனியே அழைத்தார். அவனோ யார் கூப்பிடுகிறார் என்று அறியாமல் மூன்று முறையும் ஏலியிடம் ஓடினான். கண்பார்வை மங்கிப் படுத்திருந்த அந்த முதியவருக்குத்தான் அது யாருடைய குரல் என்று புரிந்தது. ஏலியின் வீட்டில் எத்தனையோ குறைகள்; வேதம் அவற்றை மறைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிறுவனுக்கு அன்று அவர் தேவைப்பட்டார். அழைப்பை உணர்கிற இளைஞர் தம் சபை ஐயரிடமும், தம்மைச் சிறுவயது முதல் கண்ட ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையிடமும் போய்ச் சொல்லத் தயங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்தியோகியா சபை கூடி உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்தபோதுதானே பர்னபாவும் சவுலும் பிரித்தெடுக்கப்பட்டார்கள்? அந்தக் குரலைக் கேட்டது சபை. கைகளை வைத்து அனுப்பியதும் சபை.

உள்ளத்தை உற்றுப் பார்க்கும் முறையைக் கற்றுத் தந்தவர்களில் லொயோலா இஞ்ஞாசியாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு காலை உடைத்துப் படுக்கையில் கிடத்தியது. வீரர்களின் காதல் கதைகளைப் படிக்கக் கேட்டார். அவர் படுத்திருந்த வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். இனிக்கும், பிறகு மனம் வறண்டுபோகும். எருசலேமுக்கு வெறுங்காலுடன் நடந்துபோவதை நினைப்பார். அந்த எண்ணம் கலைந்த பிறகும் உள்ளே ஒரு மகிழ்ச்சி தங்கியிருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தொடங்கியதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள். மனம் இருண்டிருக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பதும் அவர் சொன்னதுதான். எனக்குத் தெரிந்து, ஊழியத்துக்குப் போகலாமா என்று தவிக்கும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள புத்தி வேறில்லை. நினைக்கும்போது வரும் உற்சாகத்தைப் பார்க்காமல், நினைத்து முடித்த பின் தங்குவது எது என்று பார்க்க வேண்டும். அதற்குக் காலம் கொடுக்க வேண்டும். உறையூற்றிய பாலை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து அசைத்துப் பார்த்தால் தயிர் தோயாது.

இத்தனை கவனமாக ஆராயக் கற்பித்தவரே, சவேரியாரை இந்தியாவுக்கு அனுப்பியதோ ஒரே நாளில். 1540 மார்ச்சில் போர்ச்சுகல் அரசருக்காகப் புறப்பட வேண்டியிருந்த தோழர் பொபதில்லா நோயில் விழுந்தார். எழுத்து வேலைகளில் உதவிக்கொண்டு அருகிலிருந்த சவேரியாரை அவருக்குப் பதிலாகப் போகச் சொன்னார்கள். மறுநாள் கிளம்பிவிட்டார். மணப்பாட்டுக் குகைக்குப் போய் முழங்கால் படியிடும் நம் மக்களில் பலருக்கு இது தெரியாது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் அவர் வந்து சேர்ந்தது இன்னொருவருடைய நோயின் வழியாக! ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால், பாரிஸில் தொடங்கிப் பல ஆண்டுகள் தோழர்களோடு ஜெபித்த வாழ்க்கை இருந்தது. ஆயத்தமான உள்ளத்துக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது.

ஏமி கார்மைக்கேலுக்கு அது போதவில்லை. அவருடைய வழி எவ்வளவு சுற்றியது என்பதை அவர் ஊழியம் செய்த தோனாவூரை நேசிக்கிறவர்கள்கூட மறந்துவிடுகிறோம். வட அயர்லாந்தில் பிறந்து, பெல்ஃபாஸ்ட் ஆலைகளில் வேலைபார்த்த ஏழைப் பெண்களிடையே ஊழியம் செய்தவர் அவர். 1892 ஜனவரியில், போ என்ற கட்டளை தமக்குக் கிடைத்ததாக உணர்ந்தார். எங்கே என்று கிடைக்கவில்லை. அப்போது அவர், தம்மை மகளாக ஏற்றுக்கொண்டிருந்த முதியவர் ராபர்ட் வில்சனின் வீட்டில் இருந்தார். அவரை விட்டுப் போவது அவருக்குச் செய்யும் துரோகம் என்றே சுற்றியிருந்த விசுவாசிகள் பலர் கருதினார்கள். ஏமி தாய்க்கு எழுதினார். தாய் மகளைத் தடுக்கவில்லை. கர்த்தர் கடனாகத் தந்த பிள்ளையை அவர் திரும்பக் கேட்கும்போது எப்படி மறுப்பது என்ற கருத்தில் பதில் எழுதினார்.

சீனாவுக்குப் போக ஏற்பாடு ஆயிற்று. சீன உள்நாட்டு மிஷனின் மருத்துவர், உடல் தாங்காது என்று நிறுத்திவிட்டார். 1893இல் ஜப்பான் போனார்; ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்தார், உடல்நலம் குலைந்தது. இலங்கைக்கு வந்தார். வில்சன் நோயுற்றார் என்ற செய்தி வரவே ஊர் திரும்பினார். மிஷனெரி சங்கங்களின் கண்ணோட்டத்தில் பார்த்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாம் தோற்றுவிட்ட ஒரு பெண். 1895 நவம்பரில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தபோதும் காய்ச்சலோடுதான் வந்தார். பிறகு திருநெல்வேலிச் சீமை, மிஷனெரி வாக்கர் ஐயர் குடும்பம், தமிழ் எழுத்துகள், மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுவிசேஷப் பயணம். அதுதான் தம் வேலை என்று அவர் எண்ணியிருந்தார்.

1901 மார்ச்சில், கோயிலுக்கென்று தான் ஒப்படைக்கப்பட்ட வீட்டிலிருந்து தப்பி வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரு கிறிஸ்தவப் பெண் அவரிடம் கொண்டுவந்து சேர்த்தார். பிரீனா என்று அந்தச் சிறுமியை இன்றும் நினைவுகூர்கிறோம். வந்தவள் ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அங்கே தான் அனுபவித்ததையெல்லாம் தன் பொம்மையை வைத்து நடித்துக் காட்டினாள். 1892இல் கேட்ட கட்டளைக்கு ஓர் இடமும் ஒரு முகமும் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகும் போராட்டம் இருந்தது. ஊர் ஊராகப் போய் ஆத்துமாக்களைத் தேடும் ஊழியத்தை விட்டுக் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சுவதும் சீலை துவைப்பதும் மிஷனெரி வேலைதானா என்று உடன் ஊழியர்களே கேட்டார்கள். சீஷர்களின் கால்களைக் கழுவத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்ட ஆண்டவரை நினைத்து ஏமி அந்தக் கேள்வியைக் கடந்தார். 1931இல் விழுந்து காலொடிந்த பிறகு, 1951 ஜனவரியில் மறையும் வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். இந்தியாவுக்கு வந்தபின் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. தோனாவூரில் அவரை அடக்கம்பண்ணிய இடத்தில் கல்லறைக் கல் இல்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியும், அதில் அம்மா என்ற சொல்லும் உண்டு.

சீனா மிஷன் மருத்துவர் தவறு செய்தாரா? இந்தக் கேள்வியோடு நான் வெகுநேரம் இருந்திருக்கிறேன். ஒரு மருத்துவராக அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அழைப்பைச் சோதிக்கிறவர்கள் தங்கள் வேலையை நேர்மையாகச் செய்யட்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதால் தேவ சித்தம் கலைந்துபோகாது. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதே என்று கலங்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். கதவு அடைபட்ட பிறகும் அந்தப் பாரம் உள்ளே இருக்கிறதா, கோபமில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது அந்தக் கதவின் மேல் இருந்த ஆசை மாத்திரம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நம் ஊர்க்காரர் ஒருவருக்கு அழைப்பு இன்னொரு விதமாக வந்தது. வெள்ளாளன்விளையில் போதகர் வீட்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலராகத் தென்னாடெங்கும் சுற்றியவர். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் கடல் தாண்டித் தமிழகத்துக் கரைக்கே மிஷனெரி ஊழியம் நடத்துவதைக் கண்டார். அதைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபை யாரையும் அனுப்பவில்லையே என்ற வேதனை அவரை விடவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிற்று. நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தெலுங்கு நாட்டில், தோர்ணக்கல் பகுதி பணித்தளமாயிற்று. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அவர் முன்னின்றார். போகச் சொல்லிப் பேசினார், பணம் திரட்டினார், மற்றவர்களை அனுப்பினார்.

பிறகு அந்தப் பேச்சு அவர் பக்கமே திரும்பியது. 1909இல் செயலர் பதவியை விட்டு, குருப்பட்டம் பெற்று, தாமே தோர்ணக்கலுக்குப் போனார். கல்லூரிக் கல்வி பெற்ற மனைவி அன்பு மரியம்மாளும் பிள்ளைகளும் கூடவே போனார்கள். இப்படிப் போகும் குடும்பங்களில் மனைவிக்கு வரும் அழைப்பைப் பற்றி யாரும் தனியே கேட்பதில்லை, கேட்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெருங்கூட்டங்களைக் கட்டிப்போட்டவர், முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றார். ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களின் குடியிருப்புகளுக்குள் நடந்தார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான பிறகும் அதே ஊர்தான். 1945இன் முதல் நாளில் அங்கேயே மறைந்தார். தம் வாழ்நாளில் பாதியைத் தெலுங்கு மக்களுக்குக் கொடுத்திருந்தார்.

தோர்ணக்கல் போன மறு ஆண்டு, 1910இல், எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே அவர் ஒன்றைச் சொன்னார். நீங்கள் பொருளையும் உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நட்பும் வேண்டும் என்பது அதன் சாரம். அரங்கில் பலருக்கு அது சுட்டது. தாமும் வேற்று மொழி மக்களிடம் மிஷனெரியாகப் போய் நின்ற ஒருவர் சொன்ன சொல் அது. அது நம்மையும் சுட வேண்டும்.

வடக்கே பணித்தளம் போக விண்ணப்பிக்கும் வாலிபரைக் குழுவினர் விசாரிக்கும்போது சாட்சி கேட்கிறார்கள், வாக்குத்தத்த வசனம் கேட்கிறார்கள், மருத்துவச் சான்று கேட்கிறார்கள். எல்லாம் வேண்டியவைதான். இவற்றுக்கு முன்னால் ஒன்று கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தம்பி, உன் ஊரில் உன் சாதியில்லாத, உன் சபையில்லாத யார் வீட்டுக்குள் நீ போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய்? அவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு உன்னைக் கூப்பிடுவார்களா? அவன் பதில் சொல்லத் திணறினால் தள்ளிவிட வேண்டியதில்லை. ஊருக்கே திரும்பிப் போய் அதைத் தொடங்கச் சொல்லி, எத்தனை மாதம் வேண்டுமானாலும் கொடுத்துக் காத்திருக்கலாம்.