இயந்திரம் பாடும் இராகம்

கணிப்பொறியில் தோடி இராகத்தை இசைக்க முடியும் என்று சொன்னவுடன் இருவர் எழுந்து நிற்கிறார்கள். ஒருவர் காதுகளைப் பொத்திக்கொள்கிறார். தெய்வம் தந்த கலையைத் தகரப் பெட்டிக்குள் அடைப்பதா என்று குமுறுகிறார். மற்றவர் கைகொட்டிச் சிரிக்கிறார். விசையைத் தட்டினால் இராகம் வரும்போது வித்துவான் எதற்கு, விடியற்காலைச் சாதகம் எதற்கு என்று கேட்கிறார். பகைவர்போலத் தோன்றும் இவ்விருவரும் ஒரு வகையில் உறவினரே. இராகத்தை ஆக்கியவன் யார் என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள்.

இராகம் யாருடையது? ஆண்டவனுடையதா? இயந்திரத்தினுடையதா? தோழர்களே, அந்தப் பெட்டியையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்போம்.

பெட்டி அறிந்த மொழி எண் ஒன்றே. சட்சமத்தின் அதிர்வு நொடிக்கு 240 என்று கொண்டால், மேல் சட்சமம் 480, பஞ்சமம் 360. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. இதைச் சொல்ல நாரதர் வரவேண்டியதில்லை; நாலாம் வகுப்புக் கணக்கே போதும். 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களும் கணக்கே. ரிஷப காந்தாரச் சேர்க்கை 6, தைவத நிஷாதச் சேர்க்கை 6, மத்திமம் 2, பெருக்கினால் 72. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், சுருதி 22 என்ற பழைய கொள்கையை மறுத்து, 24 என்று கணக்கிட்டு வாதாடினார். அவர் முடிவை ஏற்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. ஆனால் ஏட்டில் இருக்கிறது, எதிர்த்துப் பேசாதே என்போர் முன்னே எண்களை எடுத்து வைத்தாரே, அந்தத் துணிவை யார் மறுக்க முடியும்?

அப்படியானால் கைகொட்டிச் சிரித்தவர் வென்றுவிட்டாரா? இல்லை. சாட்சி இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஆரபி என்றோர் இராகம். தேவகாந்தாரி என்றோர் இராகம். இரண்டுக்கும் ஏறும் சுரங்களும் அவையே, இறங்கும் சுரங்களும் அவையே. சுர வரிசையை மட்டும் கொடுத்தால் கணிப்பொறி இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கும். கேட்டுப் பழகிய செவியோ நொடியில் பிரித்தறியும். ஆரபி மிடுக்காக நடக்கும். தேவகாந்தாரி நின்று, நீண்டு, அசைந்து செல்லும். தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நேர்க்கோடாக ஒலித்தால், சுரம் இருக்கும், தோடி இராது.

அசைவைத் தர இயந்திரத்தால் முடியாதா? முடியும். மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென 1983-இல் மிடி என்னும் முறை வந்தது. சுரத்தை வளைக்க அதில் 16,384 படிகள் உள்ளன. படிகள் உள்ளன, எங்கே ஏறுவது, எங்கே நிற்பது, எப்போது இறங்குவது என்று சொல்ல மனிதன் வேண்டும். பம்பாயின் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-இல் பத்து இராகங்களை மின்னிசைக் கருவிகளில் வாசித்து இசைத்தட்டாக்கினார். அவற்றுள் ஒன்று, பாட்டுக்கு அடித்தளமாக ஒலிக்கும் கிதாருக்கு மாற்றாகச் செய்யப்பட்ட சிறு ஜப்பானியப் பெட்டி. செய்தவர்கள் இராகத்தை நினைத்துச் செய்யவில்லை. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அதன் வசதியை இராகத்துக்கு ஆக்கிக்கொண்டது, பழகிய செவியும் பயின்ற விரலும். பதிவுகளைக் கேட்டுத் தானே கற்கும் மென்பொருளும் இன்று வந்துவிட்டது. அது கேட்பது எதை? மனிதன் பாடி வைத்ததைத்தானே!

ஆக, சாட்சி சொல்வது இது: இராகம் வானிலிருந்து விழவுமில்லை, கம்பியிலிருந்து கசியவுமில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொண்டை வறளப் பாடியவர்களும், விரல் தேய மீட்டியவர்களும், மூச்சை முழுதும் நாகசுரத்தில் செலுத்தியவர்களும் சேர்த்து வைத்த செல்வம் அது. உழைப்பின் விளைச்சலுக்கு ஊரார் எல்லோரும் உரியர்.

புதுக்கருவியைக் கண்டு பதறுவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. அக்கருவியால் சுரத்தை வளைக்க இயலாது என்ற குறை உண்மைதான். குறையை எடுத்துச் சொல்வது அறிவு. கதவை இழுத்து மூடுவது அதிகாரம். பாலுசாமி தீட்சிதரும் வடிவேலுவும் கையிலெடுத்த ஐரோப்பியப் பிடில் இன்றிக் கருநாடக இசைமேடை இன்று உண்டா?

கணிப்பொறி குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. குருவின் வீட்டுத் திண்ணை வரை செல்லவும் வழியற்றிருந்த வீட்டுப் பிள்ளை, ஒரே வரியை நூறுமுறை ஒலிக்கச் செய்து கேட்கலாம். அது சலிக்காது, சினக்காது. இது சிறிய செய்தியா? ஆனால் இளைஞனே, ஒன்றை மறவாதே. உன் சாதகத்தை அது செய்யாது. நீ தவறும்போது முகம் பார்த்துத் திருத்தும் ஆசானுக்கும் அது ஈடாகாது.

இன்னொரு கடனும் உண்டு. மென்பொருளில் ஒரு விசையை அழுத்துகிறாய், நாகசுரம் முழங்குகிறது. அது யாரோ ஒருவர் ஊதி, பதிவு செய்து, துண்டு துண்டாக நறுக்கி வைத்த ஒலி. ஊதியவர் பெயர் பெட்டியின் மேல் இருக்கிறதா? விற்ற பணத்தில் அவருக்குப் பங்கு உண்டா? கலையைக் கடவுளின் கொடை என்றவர்கள் கலைஞனுக்குக் கூலி கொடுக்க மறந்தார்கள். கலையை இயந்திரத்தின் கொடை என்போரும் அதே பாதையில் செல்லலாமா? மறதிக்குப் புதுப்பெயர் சூட்டினால் அது முன்னேற்றமாகிவிடாது.

ஆகவே பெட்டியைத் திற, இராகத்தைப் பயில், அது பிழைபட்டால் திருத்து. அந்த ஒலிக்குப் பின்னே மூச்சு விட்ட மனிதனின் பெயரைக் கேள். அவனுக்குரிய பங்கையும் கேள். கேட்கத் தெரிந்தவன் கையில்தான் இயந்திரமும் இசைக்கருவியாகும்.