அர்த்த ஆய்தா?

பெங்களூரில் ஜாவா படிப்பது என்று முடிவானதும் ஒரு நோட்டு வாங்கினேன். பட்டப்படிப்பு வரை தருமபுரியில் தமிழ்வழியில் படித்தவள். வகுப்பில் திகைத்து நிற்கக் கூடாதே என்று இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அகராதிப் பொருள் என்று எழுதிவந்தேன். பப்ளிக், பொது. ஸ்டேட்டிக், அசையாதது. வாய்ட், சூனியம்.

மடிவாளாவில் ஒரு மாடி அறை. முதல் நாளே பலகையில் 'பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்ட் மெயின்'. இப்போதைக்கு அப்படியே எழுதுங்கள், விளக்கம் பிறகு என்று ஆங்கிலத்தில் சொன்ன ஆசிரியர், கன்னடத்தில் "அர்த்த ஆய்தா?" என்றார், புரிந்ததா என்று. நோட்டைப் பார்த்தேன். பொது, அசையாதது, சூனியம். ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அதே வரியில் 'ஸ்ட்ரிங்' என்பதன் முதல் எழுத்தைச் சிறியதாக அடித்துவிட்டேன். நிரல் ஓட மறுத்தது.

ஆயா ஞாபகம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள். கோயில் ஒலிபெருக்கியில் எம்.எஸ். சொல்வதைக் கேட்டுக் கேட்டே விஷ்ணு சகஸ்ரநாமத்தை மனப்பாடமாக்கியிருந்தாள். அர்த்தம் தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். "கூப்பிடறது அவனுக்குக் கேட்டாப் போதும் கண்ணு" என்றாள்.

பொருள் தெரியாமல் சொல்வது சொல்தானா? பழைய வழக்கு இது. வேத மந்திரங்களுக்குப் பொருளே கிடையாது என்றார் கௌத்சர். சொல்லை மாற்றக் கூடாது, வரிசையையும் மாற்றக் கூடாது என்றால் அது எப்படிப் பேச்சாகும் என்பது அவர் வாதம். யாஸ்கர், வேதச் சொற்களை விளக்கும் தம் நிருக்தத்தில் அதை எடுத்துவைத்து மறுத்தார். விளங்காதது ஓதுபவரின் குறை, மந்திரத்தின் குறை அல்ல என்றார். அன்று நான் கௌத்சர் பக்கம்தான் இருந்தேன்.

மூன்றாம் வாரம், விடுதி மொட்டைமாடியில், 'பப்ளிக்'கையும் 'ஸ்டேட்டிக்'கையும் இடம் மாற்றிப் போட்டேன். ஓடியது! வெளியிலிருந்து அழைக்கலாம் என்கிறது ஒன்று; 'ஆப்ஜெக்ட்' என்னும் பொருள் எதுவும் உருவாகும் முன்பே அழைக்கலாம் என்கிறது மற்றொன்று. தனித்தனிச் செய்திகள், எது முன்னால் வந்தால் என்ன? அகராதி எனக்கு இதைத் தந்திருக்கவே முடியாது. ஆனால் அந்த வரியை இருபது நாள் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிராவிட்டால் மாற்றிப் பார்க்கும் துணிவும் வந்திராது.

கன்னடத்தில் அர்த்தம் 'ஆகிறது', சோறு ஆவதுபோல. அதற்கு நேரம் பிடிக்கும். ஆயாவுக்கும் ஏதோ ஆகியிருக்க வேண்டும். நான் கேட்ட கேள்விக்குள் அது அடங்கவில்லை.

அடுத்த மாதம் சித்தி மகன் இதே வகுப்புக்கு வருகிறான். நோட்டு வாங்கிவிட்டானாம். வலப்பக்கத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.