பிழையா, மோசடியா?

வீட்டுப் பரணில் பழைய ருஷ்ய ஜெனித் கேமரா ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் முகப்பில் 'ஹெலியோஸ் 44' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி செய்த 'பையோட்டார்' லென்ஸை அடியொற்றி சோவியத் யூனியன் செய்து தள்ளிய 58 மி.மீ. சரக்கு. அன்றைக்கு கேமராவோடு இலவச இணைப்பு மாதிரி வந்ததை, இன்றைக்குத் தேடிப் பிடித்து டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படி என்ன விசேஷம்? மரத்தடியில் ஒருவரை நிறுத்தி, லென்ஸை முழுசாகத் திறந்து படம் எடுத்தால் முகம் அப்படியே நிற்கும். பின்னாலிருக்கிற இலைகளெல்லாம் முகத்தைச் சுற்றிச் சுழல்கிற மாதிரி தெரியும். ஓரத்தில் வருகிற ஒளியை லென்ஸின் குழலே பாதி வெட்டிவிடுகிறது. வட்டமாக விழவேண்டிய வெளிச்சப் புள்ளிகள் பூனைக்கண் மாதிரி நசுங்கிப்போவதால் வருகிற சுழல் அது. லென்ஸ் செய்கிறவர்கள் பாஷையில் இதற்குப் பெயர் அழகு இல்லை, குறைபாடு!

அந்தக் குறையைத் துரத்தித் துரத்தி ஒழித்தும் விட்டார்கள். இன்றைய உயர்ரக லென்ஸில் மூலைக்கு மூலை கூர்மை. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அது உள்ளேயே அலைந்து படத்தை வெளிறடிக்கும். 1935-ல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா அதற்கும் ஒரு பூச்சு கண்டுபிடித்தார். அப்புறம் பூச்சுக்கு மேல் பூச்சு. பலன்? உங்கள் அம்மாவை எடுத்தால், கன்னத்துத் துவாரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். சரி, அம்மாவை நீங்கள் என்றைக்காவது அப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

அப்போ எது உண்மையான படம்?

நான் பி.காம். ஆசாமி. எனக்குத் தெரிந்த வழியில்தான் யோசிப்பேன். ஆடிட்டிங் பாடத்தில் பிழைக்கும் மோசடிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி உண்டு. இரண்டிலும் கணக்கு தப்பாகத்தான் இருக்கும். பிழை தெரியாமல் நடப்பது, மோசடி தெரிந்தே செய்வது. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் பழைய லென்ஸ் கண் மங்கிய குமாஸ்தா. எதிரே நிற்பது கலெக்டரா, கீரை விற்கிற அம்மாளா என்று அதற்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே மங்கல். செல்போன் அப்படியில்லை. முதலில் இது ஒரு முகம் என்று கண்டுபிடிக்கிறது. பிறகு 'அழகுபடுத்துகிறேன்' என்று சுருக்கத்தைத் தேய்க்கிறது. பல போன்களில் தோலையும் கொஞ்சம் வெளுக்கிறது. கறுப்பு ஒரு குறை, திருத்தப்பட வேண்டியது என்று எங்கேயோ உட்கார்ந்து யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள் பாருங்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான். பத்தாவது படிக்கிற பெண் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியையும் பார்ப்பாள் இல்லையா?

உடனே பழசுக்கு ஜே போட்டுவிடாதீர்கள். 1960-களில் வந்த சில 'டக்குமார்' லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்திருந்தது. வருஷம் ஆக ஆக அது மஞ்சளாகிவிடும். 'ஆஹா, அந்தக் காலத்து மஞ்சள் வெயில்' என்று உருகுகிறோம். அந்தக் காலத்தில் அந்த மஞ்சளே கிடையாது! சில நாள் வெயிலில் வைத்தால் பெருமளவு தெளிந்தும் விடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நல்ல லென்ஸைக் கொடுத்து, 'கொஞ்சம் கெடுத்துக் கொடுங்கள்' என்று காசு கொடுக்கிற சினிமாக்காரர்கள் இருக்கிறார்கள். தெரிந்தே செய்கிற பிழை! ஆடிட்டர் இதை எந்தப் பக்கம் எழுதுவார்? கதைப் படத்தில் யாரும் ஏமாறுவதில்லை, போகட்டும். பத்திரிகையில் வரும் விபத்துப் படத்தில் செய்தால் நான் மோசடி என்றே எழுதுவேன். ஒரு தனி மனிதரின் முகம் என்றால்தான் கஷ்டம்.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாள் (பெயரே கேமரன்!) கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், 48 வயதில், மகள் பரிசாகத் தந்த கேமராவில் ஆரம்பித்தார். ஃபோகஸைத் திருகிக்கொண்டே வருவார். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவார். விமர்சகர்கள் 'அரைகுறை வேலை' என்று திட்டினார்கள். எது சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை என்று விஞ்ஞானி ஹெர்ஷலுக்குக் கடிதம் எழுதினார். நியாயமான கேள்வி. ஆனால், உரிமை கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கு மட்டும்தானா?

கவிஞர் டென்னிசனை அவர் எடுத்த ஒரு படம் உண்டு. டென்னிசன் அதைப் பார்த்து, தன்னை 'அழுக்குச் சாமியார்' என்று கிண்டல் செய்துகொண்டார். அவரால் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. 1875-ல் கேமரன் இலங்கைக்குக் குடிபோனார். 1879-ல் அங்கேயே இறந்தார். அங்கே 1878-ல் எடுத்த படம் ஒன்றுக்குத் தலைப்பு, 'களுத்துறைக் குடியானவர்கள் சிலர்'. அதிலும் முகங்கள் மிருதுவாக, கண்ணியமாகத்தான் இருக்கின்றன. தலைப்பில் ஒருத்தர் பெயரும் இல்லை.